நாலு பேர் காதுக்கு ஒரு சோடிக் கம்மல்

சுகப்பிரியா: கழட்டு.

வேல்விழி: மாட்டேன்.

சுகப்பிரியா: ஏண்டி வெளையாடுற? பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மலைக்கு வந்துருவாங்க. குன்றத்தூர் முருகன் முன்னாடி என்னைய வெறுங்காதோட நிக்கச் சொல்றியா?

வேல்விழி: வெறுங்காது என்ன... அதான் ஈர்க்குச்சி கிடக்குல்லா.

சுகப்பிரியா: ஈர்க்குச்சியோட போயி நின்னா, ‘பொண்ணைப் பாக்க வந்தோமா, வெளக்குமாத்தப் பாக்க வந்தோமா’ன்னு கேப்பாங்க.

வேல்விழி: செல்போன் கம்பெனிப் பிள்ளையளுக்கு எல்லாம் அப்படித்தான்னு சொல்லு. லைன்ல ஒரு பொட்டுத் தங்கம் ஆகாது, காதுத் தொளை தூந்துறக் கூடாதுன்னு குச்சி சொருகியிருக்கோம்னு சொல்லு.

சுகப்பிரியா: மாப்பிள்ளையோட அம்மாவை உக்கார வச்சுப் பாடம் நடத்தச் சொல்ற. அந்தம்மா ஆண்டிப்பட்டியில இருந்து ராத்திரி பூரா பஸ்ல உக்காந்து வந்திருக்கு... விழி, இந்த ரூம்ல நாலு பேரு இருக்கோம். நாலு பேருக்கும் ஒரு சோடிக் கம்மல். உன்னுது. கனகம் ஊருக்குப் போனா அவ காதுல கிடக்கும். ஞானம்மா போட்டோ எடுக்கப் போனா அவ காதுல கிடக்கும். ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கியா?

வேல்விழி: இன்னைக்குச் சொல்லுதேன்.

சுகப்பிரியா: என் தலையெழுத்து, என்னையப் பொண்ணு பாக்குற அன்னைக்குத்தான் உனக்குக் கஞ்சத்தனம் பிறக்கணுமா?

வேல்விழி: ஆமா. கஞ்சப்பயமவதான் நான். கூட ரெண்டு பேச்சுப் பேசிக்கோ. ஆனா கம்மல் கிடையாது.

சுகப்பிரியா: அது என்ன பை?

வேல்விழி: எந்தப் பை?

சுகப்பிரியா: பாய்க்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கியே... கொடியில உன் சேலை ஒண்ணையும் காணோம். சோப்பு டப்பாவைக் காணோம்.

வேல்விழி: ஊருக்குப் போறேன்.

சுகப்பிரியா: லீவு போட்டியா?

வேல்விழி: இல்ல.

சுகப்பிரியா: அப்புறம்?

வேல்விழி: நாளைக்குச் சூப்பர்வைசர் கேட்டா, அவ இனிமே வர மாட்டான்னு நீ சொல்லிரு. நீ மலையில இருந்து வாரதுக்குள்ள கிளம்பிறலாம்னுதான் இருந்தேன். நீ போகமாட்டேங்கே.

சுகப்பிரியா: கம்மலைக் குடுத்திருந்தா எப்பவோ போயிருப்பேன்.

வேல்விழி: சிரிப்புக் காட்டாத ஏட்டி...

சுகப்பிரியா: நானா சிரிப்புக் காட்டுறேன்? ஒரு மாசமா தனித்தட்டு, தனி டம்ளர். கேட்டா சஷ்டி விரதம்ங்கிற. சஷ்டி எத்தனை நாளுடி? முருகனே அசந்து தூங்கிருப்பாரு. நீ இன்னும் விரதத்துல இருக்க.

முனியம்மாள்: இன்னாங்கடி பொண்ணுங்களா! பொண்ணு பாக்குற வூட்டுல சண்ட போட்டுக்கினு... சத்தம் கீழ எங்க வூடு, தண்ணிக் கொழா வரைக்கும் கேக்குது. வூட்டு ஓனரு கன்னியப்பன் ‘இன்னாமா மேல’ன்றாரு. தோ, மல்லி வாங்கியாந்தேன். குனி.

சுகப்பிரியா: அக்கா, நீங்களே கேளுங்க இவகிட்ட. கம்மல் தர மாட்டேங்குறா. பைய வேற கட்டிட்டா.

முனியம்மாள்: பைய கட்டிட்டாளா? வாடகை குடுத்துகினு ஒழுங்காத்தான கீறீங்க? யாரு இன்னா சொன்னா? ஏம்மா வேலு... மூஞ்சி ஏன் இப்டி கீது? அழுதியா?

வேல்விழி: அக்கா, கிட்ட வராதிய.

முனியம்மாள்: ஏன், கடிப்பியா?

வேல்விழி: தள்ளியே நில்லுங்க. உங்களுக்குச் சொன்னாப் புரியாது.

முனியம்மாள்: புரியற மாரி சொல்லு.

வேல்விழி: கம்பெனில கேன்டீனுக்குள்ள ரத்ததான முகாம் வச்சாவல்லா...

முனியம்மாள்: ஆமா. ஒரு டப்பா பிஸ்கோத்து குடுத்தாங்கன்னு எம் புள்ளைக்குக் கொண்டாந்து குடுத்தியே.

வேல்விழி: அதுக்குப் பொறவு அந்த ரத்த வங்கில இருந்து கூப்பிட்டு விட்டாவ. தனியா வான்னு. நான் குடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏத்தலையாம். ஏத்தக் கூடாதாம். மெட்ராஸ்ல பெரியாஸ்பத்திரிக்குப் போன்னாவ. பேங்குக்குப் போறேன்னு இவகிட்ட பொய் சொல்லிட்டு, ஒரு வியாழக்கிழமை போனேன்.

சுகப்பிரியா: ம்.

வேல்விழி: ரத்தத்துல ஒரு கிருமி இருக்காம். ஹெப்படைட்டிஸ் பி-ன்னு பேரு. ஈரல்ல தங்குத கிருமி. காமாலை குடுக்குத கிருமி.

முனியம்மாள்: காமாலையா! இத்த சொல்லத்தான் ஒரு மாசமா? வா இப்டி வெளிச்சத்துக்கு. கண்ண காட்டு.

வேல்விழி: அக்கா...

முனியம்மாள்: மேல பாரு. கீழ பாரு... இன்னாடி, கண்ணு சோறு மாரி வெள்ளையா கீது! நகத்த காட்டு. நகமும் நல்லாத்தான் கீது. நாக்க நீட்டு.

வேல்விழி: நல்லாத்தான் இருக்கேன். அதைத்தான சொல்லவாரேன்.

முனியம்மாள்: கண்ணுல இல்லன்னா ராத்திரி பச்சரிசிய ஒன்னுக்குல ஊறப் போடு. காத்தால மஞ்சளா வந்துச்சின்னா காமாலைதான். ஏரிக்கரையில கீழாநெல்லி மண்டிக் கெடக்குது. அரைச்சி மோருல குடுக்கறேன். உப்பு, காரம், எண்ணெ, எதையும் தொடக் கூடாது.

வேல்விழி: அரிசி எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஒரு மாசமா உப்பில்லாத கஞ்சிதான் குடிச்சுட்டு இருக்கேன். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டரம்மாகிட்டச் சொன்னா சிரிக்காவ. ‘உனக்குக் காமாலை இல்லம்மா, பத்தியம் வேண்டாம், போய் நல்லாச் சாப்பிடு’ங்காவ.

முனியம்மாள்: காமாலை இல்ல?

வேல்விழி: இல்ல.

முனியம்மாள்: வேற நோவு?

வேல்விழி: ஒரு நோவும் இல்ல. ஈரல் நல்லா இருக்காம்.

முனியம்மாள்: நோவு இல்லன்னா எதுக்குடி அழுவுற?

வேல்விழி: நோவு இல்லக்கா... ஆனா கிருமி இருக்கு. நான் நோயாளி இல்லையாம். சுமக்குறவளாம். அப்படித்தான் சொன்னாவ.

முனியம்மாள்: இரு இரு. கிருமி உள்ள கீது. ஆனா உன்ன ஒண்ணியும் பண்ணல.

வேல்விழி: ஆமா.

முனியம்மாள்: எப்பலேந்து கீது?

வேல்விழி: நான் பொறந்ததுல இருந்து.

முனியம்மாள்: அய்யே!

வேல்விழி: நானும் அப்படித்தான் வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்தேன். பிறக்கும்போது எங்கம்மைகிட்ட இருந்து வந்திருக்கும்ங்காவ டாக்டரம்மா. வளந்தவுகளுக்குள்ள அது நொழைஞ்சா ஒடம்பு சும்மா விடாதாம். சண்டை போடுமாம். அந்தச் சண்டைதான் காய்ச்சலு, வாந்தி, மஞ்சக் கண்ணு எல்லாம். முக்காவாசிப் பேருக்கு மேல, ஒடம்பு செயிச்சுருமாம். ஆனா அன்னைக்குப் பொறந்த பச்சைமண்ணுக்கு என்ன தெரியும்? யாரு நம்மாளு, யாரு அசலாளுன்னு அதுக்கு இன்னும் வெளங்கல. உள்ள வந்ததைத் தன் வீட்டு ஆளுன்னே நெனச்சுக்கிடுதாம். சண்டையே இல்ல. ரெண்டும் ஒண்ணா வளருதாம்.

முனியம்மாள்: ஒண்ணா... கூடப் பொறந்தது மாரி.

வேல்விழி: ரத்தப் பரிசோதனைல பாத்தா, ஒரு சொட்டுக்குள்ள கோடிக் கணக்குல இருக்குமாம். நான் பள்ளிக்கூடத்துல ஓடிப் பிடிச்சு வெளையாண்டப்ப அது என்கூட ஓடியிருக்கு. பெரியமனுசியானப்ப உள்ள இருந்திருக்கு. இந்த ஊருக்கு மொத மொத பஸ் ஏறுனப்போ நான் மட்டும் தனியா வந்தேன்னு அழுதேன். தனியா வரல பாருங்க.

முனியம்மாள்: எம்மாடியோவ்... மயிரு சிலுக்குதுடி எனக்கு. தோ பாரு கைய.

வேல்விழி: எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குதவ. ஒரு நாள் படுத்ததில்ல. காய்ச்சல்னு ஒரு மாத்திரை முழுங்குனதில்ல. அவளுக்குள்ளயும் இருக்குமாம். அவளுக்கு அவ அம்மைகிட்ட இருந்து வந்திருக்கலாமாம். எத்தனை தலைமுறையோ... களையெடுத்திருக்காளுவ, கதிர் அறுத்திருக்காளுவ, பிள்ளை பெத்திருக்காளுவ. ஒருத்திக்கும் தெரியாது. நான் ரத்தம் குடுக்கப் போகலேன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காது.

முனியம்மாள்: அப்ப உனக்குப் பொறக்கப் போற கொயந்தைக்கும்...

வேல்விழி: அதான்க்கா எனக்கு இன்னும் நம்ப முடியல. போகாதாம். பிள்ளை பொறந்த அன்னைக்கே ஊசி போட்டுட்டா, அநேகமா போகவே போகாதாம். இத்தனை தலைமுறையா வந்தது, ரெண்டு மூணு ஊசில என்னோட நின்னு போகுமாம். கட்டிக்கப் போறவருக்கும் ஊசி போட்டுக்கிட்டாப் போதும்னாவ.

முனியம்மாள்: ஊசி அம்மாம் பெரிய ஆளா!

வேல்விழி: ஆனா எனக்குள்ள இருக்குதத லேசா நெனைக்கக் கூடாதாம். என்னைக்காவது ஒரு நாள் ஒடம்பு முழிச்சுக்கிடுமாம். ‘ஏய், நீ யாரு?’ன்னு கேக்குமாம். அப்பத்தான் ஈரல் கெடுமாம். எல்லாருக்கும் அப்படி ஆகாதாம், சில பேருக்கு ஆகுமாம். அதனால வருசத்துக்கு ரெண்டு தடவை போய் ரத்தம் பாக்கணும். சாகுத வரைக்கும்.

முனியம்மாள்: நம்ம செம்பரம்பாக்கம் ஏரி மாரி.

வேல்விழி: என்னது?

முனியம்மாள்: கம்பெனி பஸ்ஸுல போவ சொல்ல பாக்கறியே, கரை முட்டத் தண்ணி தளும்பிக்கினு கீது. அது வெள்ளமா? வெள்ளம் வேற. ஏரி பாட்டுக்கு சிவனேன்னு கெடக்குது, மாடு குடிக்குது, கொக்கு நிக்குது. ஆனா ஐப்பசி பொறந்தா ஒருத்தன் சைக்கிள்ல கரை மேலயே போய்க்கினு வந்துகினு இருப்பான், எங்கனா கசியுதான்னு. அதேதான் உனக்கும்.

வேல்விழி: ... டாக்டரம்மாவுக்குக் கூட இப்படிச் சொல்ல வரலக்கா.

முனியம்மாள்: வேலு... ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காத. எம் புள்ள ஐயனாரு உம் மடிலயே தூங்குமே. உன் தட்டுலேந்து சோத்த எடுத்துத் துண்ணுமே.

வேல்விழி: நானும் மொத அதைத்தான்க்கா கேட்டேன். தொட்டா வராது. மடில போட்டா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, இருமுனா தும்முனா வராது. ரத்தத்தோட ரத்தம் சேந்தாத்தான். பொறவு... கட்டிக்கிடுதவருக்கு. அவ்வளவுதான். அதுக்குத்தான் பிளேடு, பல்விளக்குத பிரஷ்ஷு எல்லாம் தனியா வச்சுக்கச் சொன்னாவ. காதுல மூக்குல போடுததையும்...

முனியம்மாள்: தட்டுல வராதுன்னு டாக்டரே சொன்னப்புறம் உனக்கு எதுக்குடி தனித்தட்டு?

வேல்விழி: தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்கல.

முனியம்மாள்: அந்த டம்ளர எடு.

வேல்விழி: எது?

முனியம்மாள்: உன் சஷ்டி டம்ளர. பாதித் தண்ணி கீது பாரு. மாடி ஏறி வந்தது தாகமா கீது.

வேல்விழி: அக்கா, வேண்டாம்... வேற மோந்து தாரேன்... அக்கா!

முனியம்மாள்: ...ம். நல்லாத்தான் கீது. புள்ள இனிமேட்டும் உம் மடிலதான் தூங்கும். இத்தினி வருசம் ஒன்ன ஒண்ணியும் பண்ணாத ஒரு சீவனுக்கு பயந்துகினு பைய கட்டறியே. தோ நிக்கறா பாரு சுகா, போன ஐப்பசில மஞ்சக் கெழங்கு மாரி கெடந்தா. அது நோவு! கண்ணு, நகம், ஒன்னுக்கு எல்லாம் மஞ்சா. சோத்தக் கண்டா ஓடுனா. ராவும் பகலுமா யாரு பாத்துக்கினது? நீதான். உனக்கு ஒரு தலைவலி வந்துச்சா? இல்ல. என் கீழாநெல்லி அவள எழுப்பி உக்கார வச்சிச்சி.

சுகப்பிரியா: ஆமாக்கா. உங்க கீழாநெல்லி.

முனியம்மாள்: அப்பறம்! சரி, தண்ணி நின்னுடும், நான் போறேன். பூவ வெச்சிக்கினு கெளம்புங்க. கம்மல குடுத்துடு வேலு... இன்னாடி பாக்கற அப்டி? இன்னாமோ பண்ணுங்க. நான் பஸ்ஸு வந்தா கூப்புடறேன்.

வேல்விழி: நீ ஏன் ஒண்ணும் பேசாம நிக்க?

சுகப்பிரியா: கேட்டுக்கிட்டு இருந்தேன்.

வேல்விழி: அக்கா வாயப் பொளந்தாவ. நீ பொளக்கல.

சுகப்பிரியா: எனக்கு வாய் சின்னது.

வேல்விழி: சுகா, நீ ஒருக்கா போயி ரத்தம் பாத்துட்டு வரணும்.

சுகப்பிரியா: எதுக்கு?

வேல்விழி: சும்மா.

சுகப்பிரியா: சும்மா ஊசியில குத்திக்கிறதுக்கு நான் என்ன தையல் மிஷினா?

வேல்விழி: கனகத்துட்டயும் ஞானம்மாட்டயும் சொல்லத்தான் போறேன். ஆனா நீதான் மொதல்ல போகணும்.

சுகப்பிரியா: ஏன் நான் மொதல்ல?

வேல்விழி: சொல்லுதேன்... நம்ம லைன்ல வேலை பாத்த ரஞ்சனி அக்காவுக்கு மணிமங்கலத்துல கல்யாணம். நெனவு இருக்கா?

சுகப்பிரியா: ஆடி பொறக்குறதுக்கு முந்துன முகூர்த்தம். நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் கிளம்பிப் போனோம்.

வேல்விழி: அன்னைக்கு எனக்கு லீவு. காலையில ஒரு வளைகாப்புக்குப் போட்டுட்டுப் போன கம்மல், என் காதுலயே கிடந்துச்சு. திருகாணி இறுகிப் போயி வரமாட்டேன்னு நின்னுச்சு. நீதான் பிடிச்சு இழுத்தே. கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு.

சுகப்பிரியா: வந்துச்சு. ‘எருமை’ன்னு திட்டுனே.

வேல்விழி: தொடைக்கக்கூட இல்ல, அப்படியே உன் காதுல வச்சுத் திருகுனேன். உனக்குக் குச்சி சொருகியிருந்த தொளை பத்தல. உனக்கும் ரத்தம் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே பூ மாதிரித் தொடைச்சு விட்டுக்கிட்டே போனே.

சுகப்பிரியா: சாப்பாடு பிரமாதம் அந்தக் கல்யாணத்துல.

வேல்விழி: ஏட்டி, நான் என்ன சொல்லுதேன்னு உனக்கு வெளங்குதா இல்லையா? ஆனில அது நடந்துச்சு. ஐப்பசில நீ படுத்தே. நான் டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். உள்ள போயி மூணு மாசம் நாலு மாசம் கழிச்சுக்கூட மஞ்சளாகும்னாவ... தண்ணில வந்த காமாலைன்னுதான எல்லாரும் சொன்னோம். லாரித் தண்ணியத் திட்டுனோம். தண்ணி இல்ல சுகா. நான். உன் தலையை என் தொடைல வச்சுக் கஞ்சி ஊத்துனேனே, அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்ச நாள்ல இருந்து உன் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் பைய கட்டுனேன். உனக்குள்ள அது இன்னும் தங்கியிருந்துச்சுன்னா... இன்னைக்குப் பொண்ணு பாத்து, நாளைக்குக் கல்யாணம் ஆயி... நீ போயி ரத்தம் பாரு. உன்னையக் கெஞ்சிக் கேக்குதேன்.

சுகப்பிரியா: அன்னைக்கு வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில எங்க உக்காந்திருந்தே?

வேல்விழி: என்னது?

சுகப்பிரியா: சொல்லு. எந்தப் பெஞ்சு?

வேல்விழி: தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல... எதுக்குக் கேக்கே?

சுகப்பிரியா: பச்சைச் சேலை கட்டியிருந்தே. முந்தானையத் தலைவரைக்கும் இழுத்துப் போட்டிருந்தே. உள்ள இருந்து வெளிய வந்து, கம்மல் ரெண்டையும் கழட்டிக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னே. அப்புறம் தொட்டித் தண்ணியில கழுவுனே. கழுவிக்கிட்டே இருந்தே.

வேல்விழி: ஏட்டி... உனக்கு அன்னைக்கு ஓ.டி., ஓவர்டைம் வேலைன்னு சொன்னேல்லா?

சுகப்பிரியா: நீ பேங்குக்குப் போனேல்ல, அந்த மாதிரி ஓ.டி.

வேல்விழி: நீ எதுக்கு அங்க வந்தே?

சுகப்பிரியா: முகாம்ல என் ரத்தத்தை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. காமாலை வந்து வருசம் ஆகலயே, மொதல்ல என்ன காமாலைன்னு போய்ப் பாருன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நீ பயந்துருவேன்னு சொல்லல. போனா, நீ பெஞ்சுல உக்காந்திருக்க. தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். நீ போனப்புறம் உள்ள போனேன். அந்தம்மா உன்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, நல்ல மனுசி. நீ கம்மலைக் கழுவுனதைப் பாத்து நானாத்தான் சேத்துக்கிட்டேன்.

வேல்விழி: அப்ப ஒரு மாசமா...

சுகப்பிரியா: ஒரு மாசமா வாயத் தொறப்பேன்னு பாக்குறேன். தொறக்கல. என் ரிசல்ட் வராம நானும் எதைச் சொல்ல? அது போன சனிக்கிழமைதான் வந்துச்சு. சரி, கம்மலைக் கேட்டா வாயத் தொறப்பேன்னு கேட்டேன். அப்பவும் பாரு, கஞ்சப்பிசினாரின்னு பேரு வாங்கிக்கிட்டியே தவிர...

வேல்விழி: ரிசல்ட்ல என்ன இருந்துச்சு சுகா? சொல்லித் தொலையேன். இருக்கா? உனக்குள்ள இருக்கா?

சுகப்பிரியா: வந்திருக்கு. உன்னுதேதானா, எங்கயாச்சும் போட்ட ஊசியில வந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாதாம், அதனால நீ ஒண்ணும் பெருமைப்பட்டுக்காத. வந்து, என்னையத் தலைகீழாப் புரட்டிப் போட்டு, மஞ்சளாக்கி, உன் கையால கஞ்சி குடிக்க வச்சுட்டு... போயிருச்சுடி. ஒரு பொட்டு இல்ல. சண்டை போட்ட தழும்பு மட்டும்தான் ரத்தத்துல இருக்காம், இனி சாகுற வரைக்கும் அது என்கிட்ட அண்டாதாம். விழுந்து கிடந்தவ நான், என்கிட்ட இல்ல. ஒரு நாளும் விழாதவ நீ, உன்கிட்ட இருக்கு. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன்டி, கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி... முனியம்மாக்காகிட்ட மட்டும் சொல்லிறாத, கீழாநெல்லி கோவிச்சுக்கிரும். அந்தப் பையப் பிரிச்சுச் சேலையக் கொடியில போடு. கனகத்துக்கும் ஞானம்மாவுக்கும் ஊசி போட அடுத்த வாரம் நம்ம ரெண்டு பேரும்தான் கூட்டிட்டுப் போகணும். அதுவரைக்கும் உன் கம்மலைப் போடுறதுக்கு இந்த ரூம்ல பயமில்லாத காது என்னுது ஒண்ணுதான். கழட்டு.